செய்தது எத்தனை, விளைந்தது என்ன? வன்னிப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சேவைகளை மதிப்பிடுவது பற்றி

வன்னியில் அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 2002 சமாதான காலத்திலும் 2009க்குப் பிறகும் இங்கே வந்துபோன திட்டங்கள் ஒரு தலைமுறையையே அதற்குப் பழக்கிவிட்டன. எத்தனை கிணறு துப்புரவாக்கினோம், எத்தனை கோழிக்குஞ்சு கொடுத்தோம், எத்தனை பேருக்குத் தையல் பழக்கினோம், அதில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் எத்தனை. கையொப்பத் தாள், பனருக்கு முன்னால் நின்று எடுத்த படம், பற்றுச்சீட்டு. பைல் பூரணம். தையல் பழகிய பெண்ணின் மெசின் ஆறு மாதத்துக்குப் பிறகும் ஓடுகிறதா, மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறதா என்று யாராவது கேட்பதற்குள் திட்டம் முடிந்து வாகனமும் போயிருக்கும்.

பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குச் சேவை செய்யும் பிரிவுகளின் ஆண்டறிக்கைகளை வாசிக்கும்போதும் இதே வாசம்தான் அடிக்கிறது. தொழில் வழிகாட்டல் அலகு இத்தனை செயலமர்வு நடத்தியது, இத்தனை மாணவர் பங்குபற்றினர். விடுதியில் இத்தனை கட்டில். சுகாதார நிலையத்துக்கு இத்தனை வருகை. இதெல்லாம் பொய்யில்லை. தேவையில்லாததும் இல்லை. ஆனால் விதைத்த மூடையை எண்ணிவிட்டு அதுதான் விளைச்சல் என்று எந்தக் கமக்காரரும் சொல்வதில்லை. நாங்கள் செய்தது வேறு, அதனால் மாணவரிடம் ஏற்பட்டது வேறு. முதலாவதை வெளியீடு என்கிறார்கள், இரண்டாவதை விளைவு என்கிறார்கள். இந்த இரண்டாவதைத் திட்டமிட்டுப் பார்த்து, பார்த்ததை ஒளிக்காமல் எழுதி, அதைக்கொண்டு எதையாவது மாற்றுவதுதான் விளைவு மதிப்பீடு.

வன்னியில் பல்கலைக்கழகம் என்றால் இரண்டு இடங்கள். ஒன்று வவுனியா பல்கலைக்கழகம். 1991இல் வட மாகாணத்துக்கான இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குவது. பம்பைமடுவில் இருக்கிறது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்கள். மற்றது கிளிநொச்சி அறிவியல்நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் அங்கே இருக்கின்றன. பீடங்கள் இங்கே, பிரதான நிர்வாகம் 70 கிலோமீற்றர் அளவு தள்ளி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். இரண்டு இடத்திலும் படிப்பவர்கள் வன்னிப் பிள்ளைகள் மட்டுமல்ல. தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவர்கள், மலையகத்துப் பிள்ளைகள், மன்னார், கிழக்கிலிருந்து வரும் முஸ்லிம் மாணவர்கள் எல்லோரும் ஒரே கன்ரீனில் வரிசையில் நிற்கிறார்கள். படிப்பு ஆங்கிலத்தில். ஆகவே மாணவர் சேவை என்பது இங்கே ஓர் உபரி வேலை இல்லை. விடுதி, மகாபொல புலமைப்பரிசில், பேசரி என்ற உதவித்தொகை, மாணவ ஆலோசகர், வைத்தியர், தொழில் வழிகாட்டல், ஆங்கில அலகு, உடற்கல்வி, பகிடிவதை முறைப்பாடு: இவற்றில் ஒன்று பிசகினாலும் ஒரு பிள்ளை வகுப்பை விட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு

ஒரு காரணம் மீளாய்வு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒவ்வொரு பட்டப்படிப்பும் வெளியாட்களால் மீளாய்வு செய்யப்படுகிறது. எட்டு அளவுகோல்கள், மொத்தம் 1000 புள்ளிகள். அதில் கற்றல் சூழல், மாணவர் ஆதரவு, முன்னேற்றம் என்ற அளவுகோலுக்கு 100. ஒவ்வொரு தரநியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போடுவார்கள். பல்கலைக்கழகம் முதலில் சுயமதிப்பீட்டு அறிக்கை ஒன்றை எழுதி, ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று அடுக்கி வைக்க வேண்டும்.

சான்று என்றவுடன் எங்கள் ஆட்களுக்குக் கை பழகிய வேலை. கூட்டக் குறிப்பு, சுற்றறிக்கை, படம், கையொப்பத் தாள். மீளாய்வுக் குழு வரும் வாரம் ஒரு மேசை முழுக்கப் பைல்கள் நிற்கும். கையேட்டைக் குறை சொல்ல மாட்டேன், அது தொடர்ச்சியான முன்னேற்றத்தைத்தான் கேட்கிறது. அதற்கு ஆயத்தமாகும் விதத்தில்தான் பிழை. சேவை இருந்ததற்கு ஆதாரம் தேடுவதிலேயே காலம் போய்விடுகிறது, சேவை உதவியதா என்ற கேள்விக்கு நேரம் மிஞ்சுவதில்லை.

விளைவு மதிப்பீடு என்ற இந்த முறையின் ஊர் அமெரிக்கா. அங்கே பல்கலைக்கழகத்தின் கல்வி சாராத பிரிவுகளும் மாணவரின் வளர்ச்சிக்குப் பொறுப்பு என்ற எண்ணம் பல தசாப்தப் பழையது. 1979இல் பல தொழில்சார் சங்கங்கள் கூடி அமைத்த உயர்கல்வித் தரநிலைப் பேரவை இந்தப் பிரிவுகளுக்கென்றே தரநியமங்கள் எழுதியது. மாணவரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவர்கள் ஆறு பகுதிகள் சொல்கிறார்கள்: அறிவு பெறுதல், சிந்தனையின் ஆழம், தன்னை அறிதல், பிறரோடு பழகும் திறன், மனிதநேயமும் குடிமைப் பங்கேற்பும், நடைமுறைத் திறன். நல்ல பட்டியல்தான். ஆனால் ஆறையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஒரு முகாமைத்துவ உதவியாளரும் ஒரு கணினியும் உள்ள அலகில் இறக்கினால், அடுத்த ஆண்டு இன்னொரு பைல்தான் கூடும்.

ஒரு செயலமர்வைப் பிரித்துப் பார்த்தால்

கற்பனையாக ஒன்றை எடுப்போம். தொழில் வழிகாட்டல் அலகு மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் சுயவிவரம் எழுதுவது பற்றி அரைநாள் செயலமர்வு வைக்கிறது. கொழும்பிலிருந்து வளவாளர். 120 பேர் வருகிறார்கள். தேநீர், ரோல்ஸ். முடிவில் ஒரு தாள்: "செயலமர்வு பயனுள்ளதாக இருந்ததா?" ஐந்துக்கு நாலரை. அறிக்கை எழுதி முடிந்தது.

பயிற்சிகளை மதிப்பிடுவது பற்றி டொனால்ட் கேர்க்பற்றிக் 1959இலேயே நான்கு படிகள் சொல்லிவிட்டார். வந்தவருக்குப் பிடித்ததா, அவர் கற்றாரா, கற்றதைச் செய்தாரா, செய்ததால் ஏதாவது நடந்ததா. மேலே சொன்ன தாள் முதற்படியில் நிற்கிறது. நகைச்சுவையாகப் பேசும் வளவாளருக்கு அதில் எப்போதும் நாலரைதான்.

இரண்டாம் படிக்கு ஏறக் காசு வேண்டாம், கொஞ்சம் முன்யோசனை போதும். செயலமர்வுக்கு ஒரு கிழமை முன்னால் ஒவ்வொருவரும் தங்களிடம் இருக்கும் சுயவிவரத்தை அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் இடம். முடிந்து இரண்டு கிழமைக்குள் திருத்திய பிரதி. இரண்டிலும் பெயரை மறைத்து, எழுந்தமானமாக இருபது சோடிகளை எடுத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் புள்ளி போட வேண்டும். எதற்குப் புள்ளி என்பதை முதலே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அந்தத் தாள்களை நேரில் பார்த்தால்தான் விசயம் விளங்கும். எங்கள் பிள்ளைகளின் சுயவிவரம் பெரும்பாலும் ஒரே அச்சு. முதற்பக்கத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கம், மதம், விவாக நிலை. அப்புறம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் புள்ளி, சாதாரண தரத்தின் ஒன்பது பாடம், மாணவர் தலைவர் சின்னம். பள்ளிக்காலத்தில் விளையாட்டாகத் திறந்த மின்னஞ்சல் முகவரி. பட்டப்படிப்பில் செய்த செயற்றிட்டம் கடைசிப் பக்கத்தில், தலைப்பு மட்டும். நான்கு பேர் சேர்ந்து செய்த அந்த வேலையில் இவர் செய்தது எது என்று ஒரு வரி இருக்காது. அதைவிடப் பெரிய குறை, எழுதாமல் விடுவது. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்கும் அனுமதிக்கும் காத்திருந்த காலத்தில் ஒருவர் மாமாவின் வன்பொருள் கடையில் கணக்கு எழுதியிருப்பார். இன்னொருவர் ஊரிலே இருபது பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்திருப்பார். காலபோக அறுவடைக்கு மெசின் பிடித்து, ஆட்களை ஒழுங்குபடுத்தி, சம்பளம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அதெல்லாம் வேலை அனுபவம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆகவே புள்ளித் திட்டம் இப்படி இருக்கலாம்: தான் செய்த பங்கைக் குழுவிலிருந்து பிரித்து எழுதியிருக்கிறாரா, சம்பளமில்லாத வேலையையும் திறனாக எழுதியிருக்கிறாரா, தேவையில்லாத தனிப்பட்ட விவரத்தை நீக்கியிருக்கிறாரா, விண்ணப்பிக்கும் பதவிக்கு ஏற்ற ஒழுங்கு இருக்கிறதா. நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. (மீளாய்வாளர்களின் அதே அளவுகோலை எங்கள் மேல் நாங்களே பாவித்துப் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு.)

இருபது சோடிகளைப் பார்த்தபின், தாளின் அழகு கூடியிருக்கிறது, எழுத்துரு மாறியிருக்கிறது, ஆனால் முதல் இரண்டு விடயமும் அப்படியே இருக்கிறது என்று தெரியவந்தால் அதுதான் முடிவு. அடுத்த முறை வளவாளரின் உரையை ஒரு மணித்தியாலத்தால் குறைத்து, ஆளுக்காள் கேள்வி கேட்டு எழுதும் பயிற்சியைக் கூட்ட வேண்டும். 120 கையொப்பத்தை எத்தனை தரம் எண்ணினாலும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

மூன்றாம், நான்காம் படிகள் கடினம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு நேர்முகம் கிடைத்தது என்பதைத் தொழிற்பயிற்சிக் காலத்தில் ஓரளவு பிடிக்கலாம். வேலை கிடைத்ததா என்பதைச் செயலமர்வின் தலையில் கட்டக்கூடாது. நாட்டின் பொருளாதாரம், கொழும்பிலே அறை வாடகை, மொழி எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. தன் கைக்கு எட்டிய அளவுக்கு மட்டும் உரிமை கொண்டாடும் அறிக்கையைத்தான் நம்பலாம்.

வசனத்தில்தான் திட்டம் தொடங்குகிறது

திட்டங்களின் முதற்பக்கத்தில் வழக்கமாக இருக்கும் வசனம்: "மாணவர்களிடையே தொழில் தொடர்பான விழிப்புணர்வை ஏற்படுத்தல்." இதில் வேலை செய்வது அலகு. மாணவர் சும்மா இருக்கிறார். விழிப்புணர்வு ஏற்பட்டதா இல்லையா என்று யாரும் பார்க்கவும் முடியாது. இதையே இப்படி எழுதினால்: "மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மாணவர் ஒரு குழுவேலையில் தன் பங்கைப் பிரித்து, தொழில் கொடுப்பவருக்கு விளங்கும்படி எழுதுவார்." எழுவாய் மாணவர். வினை கண்ணால் பார்க்கக்கூடியது. காலம் இருக்கிறது. எங்கே பார்ப்பது என்பதும் வசனத்துக்குள்ளேயே இருக்கிறது.

எல்லாச் சேவைக்கும் இப்படிக் கற்றல் விளைவு எழுத வேண்டியதில்லை. மகாபொலப் பிரிவு யாருக்கும் எதையும் கற்பிக்கத் தேவையில்லை, காசு நேரத்துக்கு வந்தால் போதும். அங்கே எழுத வேண்டியது சேவையின் விளைவு. இரண்டையும் குழப்பி, பேசரி கொடுப்பதால் "மாணவரின் தலைமைத்துவம் விருத்தியடையும்" என்று எழுதுவதையும் கண்டிருக்கிறேன். அப்படி ஒன்று விருத்தியடைவதில்லை.

மகாபொலவையே எடுத்துப் பார்ப்போம். 1981இல் தொடங்கிய நிதியம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது மாதம் 5000 ரூபாவில் சாப்பிடுவது எப்படி என்று விடுதிப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் தெரியும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 7500 ஆக உயர்த்தப்பட்டது. எத்தனை பேர் பெறுகிறார்கள் என்பது வெளியீடு. விளைவுக்குக் கேட்க வேண்டியவை வேறு. தாமதமான மாதங்களில் வகுப்பு வரவு குறைகிறதா? காசு கிடைக்காத பிள்ளை வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை வராமல் விடுகிறதா? வரவுப் பதிவேடு திணைக்களத்தில் இருக்கிறது, கொடுப்பனவுத் திகதி நிதிக் கிளையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதற்குப் புதிய கணக்கெடுப்பே வேண்டாம்.

பேசரிக்கு இன்னொரு கேள்வி உண்டு, வன்னிக்கென்றே உள்ள கேள்வி. அது குடும்ப வருமானத்தை வைத்துக் கொடுப்பது. விண்ணப்பத்தில் தந்தையின் தொழில், வருமானம் என்று வரும் இடத்தில் சில பிள்ளைகளின் பேனை நின்றுவிடும். தகப்பன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவரென்றால்? 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தோடு காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று வந்தது. எல்லாக் குடும்பமும் அதை எடுக்கவில்லை. எடுத்தால் தேடுவதைக் கைவிட்டதாகிவிடும் என்று நினைக்கிற தாய்மார் உண்டு. அந்தப் பிள்ளை படிவத்தை மடித்து வைத்துவிட்டுப் போனால் எங்கள் புள்ளிவிபரத்தில் அது தெரியவே தெரியாது. "விண்ணப்பித்தவர்களில் இத்தனை சதவீதத்தினருக்கு வழங்கப்பட்டது" என்ற வரி அழகாக இருக்கும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர் எத்தனை பேர் என்பதுதான் அந்தப் பிரிவு தன்னைத் தானே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு ஒரு வழி, படிவம் வாங்கிய ஆட்களின் பட்டியலையும் திருப்பிக் கொடுத்த ஆட்களின் பட்டியலையும் ஒப்பிடுவது. இடையில் விழுந்தவர்களை ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "என்ன பிரச்சினை தம்பி?" என்று கேட்டால் மிச்சம் வரும்.

எண் கூடினால் நல்லதா

மாணவ ஆலோசனைக்கு வந்தால் எண்கள் இன்னும் ஏமாற்றும். போன ஆண்டைவிட இம்முறை அதிகம் பேர் ஆலோசகரிடம் வந்தார்கள். பிரச்சினை கூடியதா, நம்பிக்கை கூடியதா? பகிடிவதைக்கும் இதேதான். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முறைப்பாடு பூச்சியம் என்று ஒரு பீடம் அறிக்கை கொடுத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பீடத்தைத்தான். முறைப்பாட்டு எண்ணிக்கையைக் குறைப்பதே இலக்கு என்று எழுதிவிட்டால், குறைக்க மிகச் சுலபமான வழி கதவைச் சாத்துவது. எழுதுபவருக்கே தெரியாமல் அது நடந்துவிடும்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்கள். காலையில் பாடம் எடுத்து, பிறகு விடைத்தாள் திருத்தி, இடையில் ஆலோசனை. தன் புள்ளியைத் தீர்மானிக்கும் ஆளிடம் தன் மனதைத் திறக்க ஒரு பிள்ளை யோசிக்கும். ஆகவே இங்கே பார்க்க வேண்டிய விளைவுகள் அடக்கமானவை: கேட்டதற்கும் முதற் சந்திப்புக்கும் இடையில் எத்தனை நாள், ஒருமுறை வந்தவர் மறுமுறை வந்தாரா, இடைநின்று போகவிருந்தவர் அடுத்த பரீட்சைக்கு உட்கார்ந்தாரா, தன் கூட்டாளிக்குப் பிரச்சினை என்றால் இங்கே அனுப்புவாரா. என்ன பேசினார்கள் என்பது அறிக்கைக்குள் வரக்கூடாது. எண்ணைப் போடும்போதும் கவனம் வேண்டும். ஒரு பிரிவில் முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காயிலிருந்து வந்த பெண்பிள்ளை ஒருவர்தான் என்றால், மாவட்டம், பால், ஆண்டு என்று பிரித்துப் போடும் அட்டவணை அவரின் பெயரை எழுதியதற்குச் சமன். ஐந்துக்குக் குறைந்த எந்தக் கட்டத்தையும் சேர்த்து எழுதுவது அல்லது எழுதாமல் விடுவது என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

"பரவாயில்லை சேர்"

கேட்பது எப்படி என்பது வன்னியில் தனிக் கலை. இன்று படிக்கும் பிள்ளைகளில் பலர் 2009இல் முன்பள்ளியிலோ ஆரம்ப வகுப்பிலோ இருந்தவர்கள். செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் அவர்களின் தாய்தகப்பனிடம் படிவத்தோடு வராத ஆள் இல்லை. எந்தப் பதில் சொன்னால் கூரைத்தகடு வரும், எந்தப் பதில் வம்பைக் கொண்டுவரும் என்று அந்தக் குடும்பங்கள் நன்றாகவே கற்றுக்கொண்டன. அந்த வீட்டுப் பிள்ளையிடம் விடுதிக் காப்பாளரே வந்து நின்று "தண்ணி, சாப்பாடு எல்லாம் எப்படி?" என்று கேட்டால் வரும் பதில் "பரவாயில்லை சேர்" என்பதுதான். குழுவாக இருத்திக் கேட்டால் மூத்த மாணவர் முதலில் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

அதனால் நேரடியாகத் திருப்தியைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது நல்லது. "விடுதியில் படிக்க வசதி உண்டா?" என்பதற்குப் பதில், "நேற்றிரவு எங்கே இருந்து படித்தீர்கள்?" என்று கேளுங்கள். கட்டிலில், நூலகத்தில், கன்ரீன் வாங்கில், படிக்கவில்லை. பதில் சொல்பவருக்கு எது சரியான விடை என்று தெரியாது, ஆகவே உண்மையைச் சொல்வார். கேட்பவர் அந்தப் பிரிவின் ஆளாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்விக்கொத்து தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பினால் ஆங்கிலம் ஓடுகிற பிள்ளைகளின் கருத்துத்தான் "மாணவர் கருத்து" ஆகிவிடும். ஆங்கில அலகின் சேவையை ஆங்கிலத்தில் கேட்டு மதிப்பிடுவது இதில் உச்சம். வட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவத்தைத் தட்டிவிட்டு, 300 பேரில் 40 பேர் நிரப்பியதை வைத்து மாணவரில் இத்தனை சதவீதத்தினர் திருப்தி என்று எழுதுவதும் சரியில்லை. அந்த 40 பேர் யார் என்பதுதான் முதற்கேள்வி. டேட்டா இருந்தவர்களா, கோபம் இருந்தவர்களா? முப்பது பேரைக் குலுக்கல் முறையில் தெரிந்து, ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கேட்பது அதைவிடப் பல மடங்கு பெறுமதி.

ஒப்பிடுவதில் உள்ள குழிகள்

அமெரிக்கக் கல்வியியலாளர் அலெக்சாண்டர் அஸ்ரின் சொன்ன ஒரு விடயம் இங்கே நன்றாகப் பொருந்தும். வெளியே வரும்போது மாணவர் எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் பார்க்காதே. உள்ளே வரும்போது எப்படி இருந்தார், இடையில் எந்தச் சூழலில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார். எங்கள் அனுமதி முறையில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பதினாறில் உண்டு. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து, மாவட்ட வெட்டுப்புள்ளியால் வந்த பிள்ளை நான்காம் ஆண்டில் இரண்டாம் வகுப்பு எடுத்தால், அதற்குள் இருக்கும் தூரம் கொழும்புப் பாடசாலைப் பிள்ளையின் முதல் வகுப்பில் இருக்கும் தூரத்தைவிட நீளமாக இருக்கலாம். தொடக்கத்தில் அளக்காவிட்டால் இது எந்த அட்டவணையிலும் வராது. முதலாம் ஆண்டுப் பதிவு நாளிலேயே, வரிசையில் நிற்கும் நேரத்தில், பத்து நிமிடத்தில் நிரப்பும் ஒரு தாள் போதும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதும் எங்களுக்குச் சரிவராது. 2020இல் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை, 2024 மே மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்த கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம். எந்த ஆண்டைச் சாதாரண ஆண்டு என்று எடுப்பது? ஜனவரியில் இது, ஜூனில் அது என்று நாட்காட்டியில் திட்டம் போட்டால் முதல் வேலைநிறுத்தத்தோடு அது செத்துவிடும். ஆகவே அணியை, அதாவது ஒன்றாக அனுமதி பெற்று வந்த மாணவர் தொகுதியை, வைத்துத் திட்டமிட வேண்டும். இந்த அணியின் பதிவு நாள், முதல் அரையாண்டுப் பரீட்சைக்குப் பின் வரும் முதற் கிழமை, தொழிற்பயிற்சிக்குப் போகுமுன், பட்டமளிப்புப் படிவம் நிரப்பும்போது. திகதி எப்படி ஓடினாலும் இந்த நான்கு நிலைகளும் வந்தே தீரும்.

ஒரு பிரிவு ஆண்டுக்கு ஒரு கேள்விக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது என் கட்சி. இரண்டு எடுத்தாலும் பாதகமில்லை, ஐந்து எடுத்தால் ஒன்றும் முடியாது. விடுதி இம்முறை, ஆலோசனை அடுத்த முறை என்று மூன்று ஆண்டுச் சுற்றில் எல்லாம் வந்துவிடும். கேள்வியைத் தெரிவதற்கு ஒரு சோதனை இருக்கிறது: பதில் இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒன்றும் செய்யப் போவதில்லை என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

அறிக்கை

நல்ல அறிக்கை இரண்டு பக்கம். என்ன கேட்டோம், யாரிடம் எப்படிப் பார்த்தோம், என்ன தெரிந்தது, எதை மாற்றுகிறோம், அதற்கு யார் பொறுப்பு. ஓர் அட்டவணை. படம் வேண்டாம், குறிப்பாகக் குத்துவிளக்கு ஏற்றும் படம் வேண்டவே வேண்டாம். எழுந்தமானமாக எடுத்த இருபது தாளில் கண்டது இருபது தாளில் கண்டது என்றே இருக்க வேண்டும்.

சிக்கல் வருவது கெட்ட செய்தியில். செயலமர்வால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்று எழுதும் அலகுத் தலைவருக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு வெட்டப்பட்டால், அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து எல்லாமே வெற்றிதான். இந்த முடிவுகளைத் தனி ஆளின் பதவி உயர்வுக்கோ கண்டிப்புக்கோ பாவிப்பதில்லை என்று மேலிடம் எழுத்தில் கொடுக்காமல் இந்த வேலையைத் தொடங்குவதில் அர்த்தமில்லை. பிழை கண்டுபிடித்துத் திருத்திய அலகுக்கு, பிழையே இல்லை என்று சொன்ன அலகைவிட உள்ளகத் தர உறுதிப்படுத்தல் பிரிவு கூடப் புள்ளி கொடுக்க வேண்டும். மீளாய்வுக் குழுவும் அதைத்தான் விரும்பும். ஒரே கேள்வியை இரண்டு அணிகளிடம் கேட்டு, இடையில் செய்த மாற்றத்தையும் காட்டும் மூன்று தாள், ஒரு அலுமாரி கையொப்பத் தாளைவிடப் பலமான சான்று.

அறிக்கை போக வேண்டிய இடங்கள் மூன்று. பல்கலைக்கழகத்தின் ஆளும் சபைகளான மூதவையும் பேரவையும் ஒன்று, தர உறுதிப்படுத்தல் பிரிவு மற்றது. மூன்றாவதை எப்போதும் மறந்துவிடுகிறோம்: பதில் சொன்ன பிள்ளைகள். நேற்றிரவு எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம், முப்பது பேரில் பன்னிரண்டு பேர் கட்டிலில் என்றார்கள், ஆகவே சாப்பாட்டு மண்டபத்தை இரவு பதினொரு மணிவரை திறந்து விடுகிறோம், மின்விளக்கு இரண்டு கூட்டியிருக்கிறோம், மேசை அடுத்த ஆண்டுதான் வரும். இப்படி ஒரு தாள் மூன்று மொழியிலும் கன்ரீன் சுவரில் ஒட்டப்பட்டால், அடுத்த முறை கேள்வியோடு போகிறவருக்கு "பரவாயில்லை சேர்" என்பதற்கு மேலாக ஏதாவது கிடைக்கலாம்.